கரடி அழவில்லை

ஜூலை 8, செவ்வாய்

பாப்பாவின் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். படத்தைக் காட்டிக் கேட்டாலும் தரையைப் பார்க்கிறாளாம். "இப்படியே போனா இன்னொரு வருஷம் இதே வகுப்புல உட்கார வேண்டி வரும்மா" என்றார். சுருக்கென்றது. "வீட்ல வந்து பாருங்க டீச்சர், வாய் மூடவே மாட்டா" என்று படபடவென்று சொல்லிவிட்டு வந்தேன். யாரிடம் கதை விடுகிறார்! தினமும் அவளோடு உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவள் நான்.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் நாங்கள் கரடிப் புத்தகம் படித்ததை அப்படியே போனில் பதிவு செய்தேன். செருப்பைத் தொலைத்த கரடி காடெல்லாம் தேடுகிற கதை. அருமையாக வந்தது. சூட்டோடு சூடாக டீச்சருக்கு அனுப்பிவிட்டேன். கேட்டு வாயடைத்துப் போகட்டும்.

ஜூலை 11, வெள்ளி

டீச்சரிடமிருந்து பதில்: "நன்றிம்மா. நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"இது யாரு? கரடி. என்ன தேடுது? செருப்பு. ஏன் அழுவுது? தொலஞ்சு போச்சுல்ல, அதான்."

எல்லாம் நான். கேள்வியும் நான், பதிலும் நான். ஒரே ஒரு இடத்தில் பாப்பா "அது வந்து..." என்கிறாள். "ஆமா, தொலஞ்சு போச்சு" என்று அதையும் நான் முழுங்கிவிட்டேன்.

ஐயோ. இதைப் போய், கேட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பினேனே. எனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? இனி டீச்சர் முகத்துல எப்படி முழிக்கிறது?

இத்தனைக்கும் என் வேலை என்ன? ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று கத்துகிறவர்களின் புகாரைக் கேட்பது. அவர்கள் முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். முன்பின் தெரியாதவன் திட்டினால் பொறுமையாகக் கேட்கிறேன். பெற்ற பெண்ணுக்கு ஒரு வாக்கியம் முடிக்க இடம் கொடுக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஜூலை 12, சனி

வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டினேன். "அவ எதுக்குப் பேசணும்? ஃபீஸ் வாங்காத வக்கீல்தான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கே" என்று சிரித்தார். கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

ஜூலை 14, திங்கள்

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அங்கேயும் நானே பேசிக்கொண்டிருந்தேன். நான் ஓய்ந்த பிறகு சொன்னார்: "கேள்வி கேளுங்க. அப்புறம் சும்மா இருங்க. அவ முகத்தைப் பார்க்காதீங்க, பயந்துடுவா. படத்தைப் பாருங்க."

இவ்வளவுதானா?

ஜூலை 15, செவ்வாய்

இவ்வளவுதான் இல்லை. சும்மா இருக்க முடியவில்லை. கேள்வி கேட்ட கையோடு பதிலையும் நானே சொல்லித் தொலைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

திரும்பவும் கரடி. "ஏன் அழுவுது?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். படத்தையே பார்த்தேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நாக்கு துறுதுறுவென்றது. கடைசியில் —

"அது அழலம்மா. மழை பெய்யுது. பாரு, மரத்துலயும் சொட்டுது."

பார்த்தேன். மரத்திலும் சொட்டுகிறது. கல்லிலும் சொட்டுகிறது. இத்தனை மாதமாக அந்தக் கரடியை அழ வைத்தது நான்தான்.

"இவ்ளோ நாளா ஏன் கண்ணு சொல்லல?"

"சொல்ல வந்தேம்மா."

சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

பாப்பாவுக்குப் பல்வலி. பல் டாக்டர் அவளைப் பார்த்து, "எந்தப் பல்லு வலிக்குது?" என்றார். என் வாய் தானாகத் திறந்தது. அவள் எட்டி, கையால் அதைப் பொத்தினாள்.

"என்னைத்தான் கேக்கறாங்க."

அப்புறம் ஆரம்பித்தாள். கரடி, மழை, வகுப்பில் டீச்சர் அவளை முன்னால் நிற்க வைத்துக் கரடிக் கதையைச் சொல்லச் சொன்னது, நடுவில் சிரித்தவளை இவள் "இரு, இன்னும் முடியல" என்று அடக்கியது... டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "முன்னாடி எங்கம்மாவுக்குத்தான் வாய்ல பிரச்சனை. இப்பப் பரவாயில்ல" என்றும் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் நான் மூச்சு விடவில்லை.

எந்தப் பல் என்று மட்டும் அவள் இன்னும் சொல்லவில்லை. டாக்டரும் நானும் காத்திருந்தோம்.