சக்கரமில்லாத கப்பலுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

என் பாசத்துக்குரிய பிடிவாதக்கார அண்ணனுக்கு,

நீ விழுந்து செத்த கொட்டகையைப் பார்த்துவிட்டேன். நம் மலாயாவின் போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறி, மதராசில் இறங்கி, நாள் கணக்கில் ரயிலில் உட்கார்ந்து கராச்சிக்குப் போனேன். அண்ணிதான் அனுப்பினார். "ஆகாயக் கப்பல் வந்துச்சான்னு மட்டும் பாத்துட்டு வாங்க தம்பி. வந்திருந்தா அவரு போனதுக்கு ஒரு அர்த்தமாச்சும் இருக்கும்" என்றார்.

என்ன சொல்லட்டும்? அந்தக் கொட்டகைக்குள் நம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளை மொத்தமாக அடுக்கினாலும் இடம் மிஞ்சும். உள்ளே இருப்பது புறா எச்சம். சீமையிலிருந்து கிளம்பிய கப்பல் பிரான்சு தேசத்தைக்கூடத் தாண்டாமல் விழுந்து எரிந்ததாம். அதோடு துரைமார்களுக்கு ஆகாயமே கசந்துவிட்டது. ஒரு காற்றுப் பைக்கு இவ்வளவு பெரிய வீடு கட்டி, விருந்தாளி வருவதற்குள் கைகழுவிவிட்ட புத்திசாலிகள்!

உன்மேலும் எனக்குக் கோபம்தான். ரயில் பட்டறையில் ரிவெட் அடித்துக்கொண்டிருந்தவன், கராச்சியில் ஆகாயக் கப்பலுக்குக் கொட்டகை கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்றதும் கிளம்பிவிட்டாய். "ரயிலெல்லாம் இனிமே மாட்டு வண்டிடா. அந்தக் கப்பல் ஒரு நாள் நம்ம வீட்டுக்கு மேலயே பறக்கும், பாரு" என்று பீற்றிக்கொண்டாய். யார் பார்த்தார்கள்?

அங்கே காவலுக்கு இருந்தவர் மதராஸ் பக்கத்துத் தமிழர். உன் பேரைச் சொன்னதும் வாசல் தூணின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தார். "கப்பல் உள்ள வர்ற அன்னிக்குச் சக்கரத்துக்கு அடியில வைக்கணும்னு மலாயாக்காரர் வெச்சாருங்க. எடுத்துப்போட மனசு வரல." உள்ளே ஒரு எலுமிச்சம்பழம், கறுத்து, கல்லாய் இறுகிப்போய்.

அட பைத்தியக்கார அண்ணே! புது இன்ஜின் பட்டறையை விட்டுக் கிளம்பும்போது வைக்கிற பழத்தை இதற்குமா வைத்தாய்? பறக்கிற பைக்கு ஏது சக்கரம்? அத்தனை உயரத்தில் ஏற்றிவிட்டவர்கள், வரப்போவது என்னவென்று உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையா? நீயும் கேட்கவில்லையா? அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன்.

ஊர் திரும்பியதும் அண்ணியிடம் பொய் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. கப்பல் வரவே இல்லை என்றேன். அவர் பழத்தை வாங்கி அந்த மஞ்சள் துணியிலேயே திரும்ப முடிந்தார். "இத சும்மா வெச்சிருக்கக் கூடாது தம்பி. கிள்ளான் போற ரயிலு வண்டிக்கு வைப்போம். அதாச்சும் தெனம் வருது" என்றார்.

நாளைக் காலை இருவரும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். டிரைவர் நம் ஆள்தான், சொல்லிவிட்டேன். உன் பழம் நசுங்கும் அண்ணே, அதற்கு நான் பொறுப்பு. நீ மாட்டு வண்டி என்று சொன்னாயே, அதன் சக்கரத்தில்தான்.

இப்படிக்கு,
இன்னும் அந்த மாட்டு வண்டிக்கே ரிவெட் அடிக்கும் உன் தம்பி,
முத்து