வானொலியில் வேண்டாம் என்று சொன்ன ஒரு நிமிடம்

கேமஸ் ஃபோர்க், ஐடஹோ
அக்டோபர் 19

அன்பு மகள் மார்லாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம் என்று முதல் வரியில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் வெலிங்டனின் காற்றுக்கும் மழைக்கும் ஈடுகொடுத்து நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ எதைக் கேட்டாலும் நல்லா இருக்கும்மா என்று சொல்லி வைத்துவிடுகிறேன், காகிதத்தில் அப்படித் தப்பிக்க முடிவதில்லை. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது, மருத்துவமனையில் தேதி இல்லையாம், புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் முழங்கால் இருக்கிறதே. நம் சாலை முனையில் சிக்னல் விளக்கு போட்டுவிட்டார்கள். காலை ஐந்தரை மணிக்கு எதிரே ஒரு வண்டிகூட இல்லாமல் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி ஒரு கிழவன் தனியாக நின்றால் அது உன் அப்பாதான். பிளம் மரம் இந்த வருஷம் காய்த்தது, ஆனால் பழம் எல்லாம் கோலிக்குண்டு அளவு. அதற்கும் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

நான் வானொலியில் பேசியதை நீ இணையத்தில் கேட்டாய். அலுவலகத்தில் எல்லாரையும் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டினேன், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்றாய். அந்த நீரோட்டம் பார்க்கிற குச்சியை அனுப்புங்கப்பா, வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைக்கிறேன் என்றாய். நானும் சரி என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் சரியாக இறங்கவில்லை. உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதும்போது பார்த்தால் கொஞ்சம் இருக்கிறது. பொறுமையாகப் படி.

காலை ஒன்பது மணிக்கு நம் வட்டார வானொலியில் 'வளரும் பள்ளத்தாக்கு' என்று ஒரு மணி நேர நிகழ்ச்சி வருகிறது. நீ இங்கே இருந்த காலத்தில் அது கிடையாது, அப்போது இந்தப் பள்ளத்தாக்கு வளரவில்லை, சும்மா இருந்தது. முதல் நாற்பது நிமிடம் பிரச்சினை பேசுவார்கள். போக்குவரத்து, வாடகை, பள்ளிக்கூடத்தில் இடமில்லை, காட்டுத்தீப் புகை. கடைசிப் பதினைந்து நிமிடம் பண்பாடு. ஒரு நாள் பிடில் வாசிக்கிறவர், ஒரு நாள் ஆட்டுமந்தைக்காரர்கள் மண்ணுக்குள் புதைத்துச் சுடுகிற ரொட்டி. நடத்துகிற டெஸ்ஸா வின்ஸ்லோ என்கிற பெண் மூன்று வருடத்துக்கு முன் கிழக்கிலிருந்து வந்தவள். உன் அம்மா அவள் குரலைக் கேட்டால்தான் காப்பி குடிப்பாள். நானும் கேட்பேன், பொய் சொல்லக் கூடாது. அவரவர் ஊர்க் கவலையை அடுத்தவர் உட்கார்ந்து கேட்கிறார்களே என்று ஒரு திருப்தி.

ஃபென்னர் மேய்ச்சல் நிலத்தை விற்றுவிட்டார்கள் என்று வசந்த காலத்திலேயே சொன்னேன். அதில் தொள்ளாயிரம் வீடு வரப்போகிறது, எல்லா வீட்டுக்கும் தண்ணீர் நம் காலடியிலிருந்துதான். மாவட்ட ஆணையர்கள் மூன்று பேரும் ஒப்புதல் தர வேண்டும், செப்டம்பரில் விசாரணை. நம் வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளாடு வளர்க்கிறாளே லொரீனா இபார்ரா, அவள் கிணறு ஜூனிலேயே காற்றையும் மணலையும் துப்ப ஆரம்பித்துவிட்டது. தீயணைப்பு நிலையத்துக் குழாயில் தொட்டி நிரப்பி வண்டியில் கொண்டுவந்து ஆடுகளுக்கு ஊற்றுகிறாள். வானொலியிலிருந்து எனக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று சாயங்காலமே ஒரு வட்டு பாலாடைக்கட்டியோடு சமையலறைக் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நாங்க பேசினா பன்னெண்டு வருஷம் முன்னாடி வந்தவங்கதானேம்பாங்க, லாய்ட். இந்தச் சாலையில பாதிக் கிணறு நீங்க போட்டது. நீங்க வாயத் திறந்தா கேப்பாங்க."

அவள் சொன்னது சரிதான். முப்பத்தெட்டு வருடம் போர் போட்டேன். ஒவ்வொரு துளைக்கும் ஒரு தாள் எழுதினேன், எத்தனை அடியில் களிமண், எத்தனை அடியில் சரளை, தண்ணீர் எந்த அடியில் நின்றது, எல்லாம். அரசாங்கத்துக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி. என்னுடையவை ஒரு பூட்ஸ் பெட்டியில் இருக்கின்றன. ஆரம்பத்தில் நாற்பது அடியில் நின்ற தண்ணீர் நான் தொழிலை விடும்போது நூற்றிருபதுக்குப் போயிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கின் அடிவயிறு எப்படி இருக்கிறது என்று அந்தப் பெட்டியைப் போல வேறு எதுவும் சொல்லாது. வானொலி நிலையத்திலிருந்து போனில் முன்கூட்டிக் கேள்வி கேட்ட பெண்ணிடம் இதையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது வாய் சும்மா இருக்காமல், அந்தக் காலத்தில் ஹோபார்ட் க்ரைல் என்று ஒருவர் கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பார் என்றும் சொல்லிவைத்தேன். அந்தப் பெண் அங்கேயே பிடித்துக்கொண்டாள். குச்சி இப்போதும் இருக்கிறதா என்றாள். கொட்டகையில் கிடக்கிறது என்றேன். கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள் என்றாள்.

நிலையத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது, நான் கடைசிப் பதினைந்து நிமிட ஆள். முதல் நாற்பது நிமிடம் உள்ளே தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு, வெளியே தாழ்வார நாற்காலியில் மடியில் பெட்டியோடு நான். வீடு கட்டுகிறவர்கள் வைத்த நிலத்தடி நீர் நிபுணர் ஒருவர் கணினிக் கணிப்பு என்று ஏதோ சொன்னார், அடுத்த ஐம்பது வருடத்துக்குப் பயமில்லை என்றார். இந்த மண்ணில் ஒரு துளைகூடப் போடாதவர். சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் எல்லாம் எனக்குக் கேட்டது. அவர் வெளியே வந்து கைகுலுக்கி, நிகழ்ச்சியில் உங்கள் பகுதியைக் கேட்கத்தான் ஆவலாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெஸ்ஸா நல்ல பெண், மார்லா. தண்ணீர் கோப்பையை அவளே கொண்டுவந்து வைத்தாள், ஒலிவாங்கியை என் உயரத்துக்குத் திருப்பிவிட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் நானும் முறைத்துக்கொண்டு பேசியிருப்பேன். அவள் ஹோபார்ட்டைப் பற்றிக் கேட்டாள், நான் சொன்னேன். எந்தப் பண்ணைக்குப் போனாலும் அவருடைய குச்சி சமையலறைக்குப் பக்கத்தில்தான் வளையும், உள்ளே ரொட்டி வேகிற நாளாக இருந்தால் இன்னும் வேகமாக வளையும் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது, காப்பிக் கடையில் நாற்பது வருடமாகச் சொல்கிற அதே கதையை அதே இழுவையோடு சொன்னேன். கடைசியில், ஹோபார்ட்டோட குச்சி ஒரு தடவைகூடப் பொய்க்கல, ஏன்னா இந்தப் பள்ளத்தாக்குல எங்க குத்தினாலும் தண்ணி வரும் என்று முடித்தேன். காப்பிக் கடையில் இருக்கிறவர்களுக்கு அது ஹோபார்ட்டைக் கிண்டல் செய்கிற பேச்சு, செத்துப்போன மனிதரின் காலத்துப் பேச்சு என்று தெரியும். போன வருடம் குடிவந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இதுகூடப் பெரிதில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள், இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது லாய்ட், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டாள். பெட்டி என் மடியில் இருந்தது. மூடிமேல் கை வைத்திருந்தேன். நான் என்ன சொன்னேன் என்று நீயே கேட்டாயே. இல்லம்மா, எல்லாமே நல்லா இருந்துச்சு, கூப்பிட்டதுக்கு நன்றி என்றேன்.

ஏன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை, நீயும் இந்த மேசையில் வளர்ந்தவள்தான். இங்கே ஒருவர் இன்னும் ஒரு துண்டு போடட்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. கேட்டவரும் விடமாட்டார், அட சும்மா வாங்கிக்கங்க என்பார், அதற்குப் பிறகுதான் தட்டை நீட்டுவோம். பசியில் உயிர் போனாலும் முதல் தடவையே நீட்டமாட்டோம். நான் அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலிருக்கிறது. இசையைப் போட்டுவிட்டாள். அந்த மீதி நிமிடம் முழுக்க பிடில்தான் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா வானொலியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டி நெறைய காகிதம் தூக்கிட்டுப் போன. குச்சிக் கதை சொல்லிட்டு வந்துட்ட. அடுத்த தடவ தொப்பியும் முயலும் எடுத்துட்டுப் போ, லாய்ட், வித்தை காட்டலாம்."

அன்று மத்தியானம் பாலாடைக்கட்டியை என்னால் தொட முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. கட்டுகிறவர்கள் பக்கத்து வக்கீல், நல்ல சட்டை போட்ட சின்னப் பையன், அந்த நிபுணரின் அறிக்கையைக் காட்டிவிட்டு, உள்ளூர் அனுபவமும் இதையேதான் சொல்கிறது என்று தன் கணினியைத் தட்டினான். கூடம் முழுக்க என் குரல். எங்க குத்தினாலும் தண்ணி வரும். எல்லாரும் சிரித்தார்கள், ஆணையர்களின் தலைவரும் சிரித்தார், என் பின்னால் லொரீனா உட்கார்ந்திருந்தாள், அவள் சிரித்தாளா இல்லையா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பொதுமக்கள் பேசுகிற நேரம் வந்தபோது பெட்டியோடு எழுந்தேன். தலைவர் என்ன சொன்னார் தெரியுமா?

"லாய்ட், உங்களத்தான் ரேடியோவுலயே கேட்டுட்டோமே. சரி, மூணு நிமிஷம் எடுத்துக்கங்க."

முதல் தாளிலிருந்து வரிசையாகப் படித்தேன். முடிவை முதலில் சொல்லிவிட்டுத் தாளைக் காட்டியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் துளை போடுகிறவன் மேலிருந்துதானே கீழே போவான். தண்ணீர் இன்னும் ஐம்பது அடியிலேயே நிற்கிற வருடங்களைப் படித்துக்கொண்டிருக்கும்போது நேரம் முடிந்தது என்று சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. நான் படித்தவரைக்கும் பார்த்தால் பள்ளத்தாக்கில் தண்ணீருக்குக் குறைவே இல்லை. அவர்கள் வேலையை நானே அவர்களுக்குச் செய்துகொடுத்தேன். இரண்டுக்கு ஒன்று என்று ஒப்புதல் ஆகிவிட்டது. அந்தக் குடியிருப்புக்கு ஊற்று என்று பொருள் வருகிற ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

லொரீனா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. சாலையில் எதிரெதிரே வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவோமே, பன்னிரண்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் காட்டியவள். இப்போது இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துப் போகிறாள். போன வாரம் ஆடுகளில் பாதியை விற்றுவிட்டாள், வாங்கியவர்கள் வந்து ஓட்டிப்போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே அமைதியாக இருக்கிறது. டெஸ்ஸாவுக்கு எழுதினேன். அன்பாகப் பதில் போட்டாள், அந்தப் பகுதிக்கு நேயர்களிடம் பெரிய வரவேற்பு, மறுபடி ஒருநாள் பழங்கதை சொல்ல வர வேண்டும் என்று. தண்ணீர் பற்றி ஏற்கெனவே ஒரு நிகழ்ச்சி செய்துவிட்டார்களாம்.

இப்போது உன் விஷயம். நீ கேட்ட குச்சியை அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். உறைக்குள் இருப்பது பெட்டியிலிருந்து ஒரு தாளின் நகல். நம் வீட்டுக் கிணறு, நீ பிறந்த வாரம் போட்டது, என் கையெழுத்து அப்போது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. தண்ணீர் நின்றது நாற்பத்தோரு அடியில். போன ஞாயிற்றுக்கிழமை, நீ கூப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், சாக்பீஸ் தேய்த்த இரும்பு அளவுநாடாவை அதற்குள் இறக்கிப் பார்த்தேன். நூற்று அறுபத்தேழில்தான் நனைந்தது. மோட்டார் இருப்பது நூற்று எண்பதில். பதின்மூன்று அடிதான் மிச்சம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, முழங்கால் முடியட்டும் என்று இருக்கிறேன். அவள் பிளம் மரத்துக்குப் பூச்சி மருந்து வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பூச்சியில்லை, தண்ணீர்தான் போதவில்லை. நாடாவைச் சுருட்டிவைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன், நீ கூப்பிட்டாய், அங்கே எல்லாம் நல்லா இருக்காப்பா என்றாய். நல்லா இருக்கும்மா என்றேன். நீ உடனே குச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். நீயும் ஒரு தடவைதான் கேட்கிறாய் இப்போதெல்லாம், மார்லா. வெளியூர் வழக்கம் உனக்கும் வந்துவிட்டது.

கடவுள் உனக்கு நல்ல ஆரோக்கியமும் நல்ல மனிதர்களின் துணையும் கொடுக்கட்டும். ஈரத் தலையோடு அந்தக் காற்றில் வெளியே போகாதே. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாய், சந்தோஷம், அம்மா இப்போதே போர்வைகளை வெயிலில் போடுகிறாள். வந்து இறங்கி வாசலில் பெட்டியை வைத்ததும் எல்லாம் நல்லா இருக்காப்பா என்று கேட்பாய். நான் நல்லா இருக்கும்மா என்றுதான் சொல்வேன், எழுபத்து நான்கு வயதில் இந்த வாய் இனித் திருந்தாது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடாதே. அங்கேயே நின்று இன்னொரு தடவை கேள்.

உன்னை நினைத்தபடி, அப்பா
லாய்ட் டென்கர்