வீட்டுக்காரர் பெயர் என்ன?

உத்தமபாளையம்
12.6.1999

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் ஹுஸ்னா எழுதுகிறேன். இங்கே மாமியும் பெனாசிரும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் நன்றாக இருக்கிறோம். தம்மாமில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் வந்ததுதான் உங்கள் கடைசிக் கடிதம். ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது.

பெனாசிர் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். முன்பல் விழுந்ததிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். மாமிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. குறையவில்லை என்று எழுதச் சொன்னார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை அல்லிநகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு இன்டர்வியூ. வரவேற்பில் உட்கார்ந்து சீட்டுப் போட்டு, நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை. என்னோடு படித்த நாகஜோதி அங்கே நர்ஸாக இருக்கிறாள், அவள்தான் சொல்லிவைத்தாள். உங்களைக் கேட்காமல் போகிறேன் என்று கோபப்படாதீர்கள். கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். இந்த வேலையும் இல்லையென்றால் வாடகை கொடுக்க வழியில்லாமல் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். நானும் பிள்ளையும் கம்பத்தில் அண்ணன் வீட்டுக்கு, மாமி தன் மகள் வீட்டுக்கு என்று பேச்சு நடக்கிறது. மாமி அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

இதற்கு முன் ஒரு இன்டர்வியூவுக்குப் போய் மானம் போய்த் திரும்பினேன். தேனியில் ஒரு பைனான்ஸ் கம்பெனி. டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர் எல்லாம் கேட்டார்கள், சொன்னேன். பிறகு மேனேஜர், உன் வீட்டுக்காரர் பெயர் என்ன என்றார். ரேஷன் கடையானாலும் பள்ளிக்கூடமானாலும் பக்கத்தில் யாராவது இருந்து உங்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தில் கதவோரம் நின்ற பியூனைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு என்ன தெரியும்? பாவம், பேந்தப் பேந்த விழித்தார். "இதுக்கே இந்தப் பாடுன்னா வர்ற ஆளுககிட்ட என்னத்தம்மா பேசுவே?" என்று மேனேஜர் பைலை மூடிவிட்டார். பஸ்ஸில் சின்னமனூர் வரைக்கும் அழுதேன்.

இப்போது நாகஜோதி டியூட்டி முடிந்து அனுமந்தன்பட்டிக்குப் போகிற வழியில் இங்கே இறங்கிவிடுகிறாள். டாக்டர் வீட்டம்மாதான் இன்டர்வியூ எடுப்பாராம். அந்த அம்மா மாதிரியே முறைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள். சண்டை போடுகிற நோயாளியை எப்படிச் சமாளிப்பாய் என்றால் கடகடவென்று சொல்லுகிறேன். உங்கள் பெயர் வரும்போது மட்டும் நின்றுவிடுகிறேன். அடுப்படியிலிருந்து மாமிக்குப் பொறுக்கவில்லை. "எம் மகன் பேரு என்ன ஆத்தா, கெட்ட வார்த்தையா? சொல்லித் தொலை" என்றார்கள். மாமி மட்டும் மாமா பெயரைச் சொல்லிவிடுவார்களா என்று நாகஜோதி கிண்டல் செய்தாள். மாமி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார்கள். அப்புறம் "நத்தர்ஷா" என்றார்கள். சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள். உங்கள் அத்தா பெயரை மாமி வாயால் அன்றுதான் கேட்டேன். அதற்கப்புறமும் எனக்கு வரவில்லை.

அவர்களிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். எனக்கு வெட்கம் மட்டும் இல்லை, பயம். பெயரைச் சொன்னால், அவர் என்ன செய்கிறார் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு நான் எங்கே போவேன்? உங்களோடு வேலை பார்த்த கம்பத்து ஷானவாஸ் சவூதியிலிருந்து லீவில் வந்தபோது போய்ப் பார்த்தேன். நீங்கள் அந்தக் கம்பெனியில் இல்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை என்றார். மாமியிடம் அவரைப் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பழைய ரூமில் யாராவது இதை உங்களிடம் சேர்ப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் மீது கோபமாக இருக்கிறது மச்சான். கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது.

எனக்காக துஆச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஹுஸ்னா


உத்தமபாளையம்
15.6.1999

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சனிக்கிழமை எழுதிய கடிதம் வந்து சேருமுன் இதையும் எழுதுகிறேன். நேற்று போய் வந்தேன்.

மாமி கூடவே வந்து, கூப்பிடும்வரை என் கையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனதும் நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றவில்லை. டாக்டர் வீட்டம்மா நாகஜோதி நடித்ததைவிட நல்ல மாதிரி. ஆனால் எடுத்த எடுப்பிலேயே வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுவிட்டார்.

நவாஸ் என்றேன். பயத்தில் சத்தமாக வந்துவிட்டது. வெளியே மாமிக்கே கேட்டிருக்கிறது.

என்ன பண்றாக என்றார். சவூதியில் இருக்கிறாக என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். எப்ப வர்றாக என்று கேட்டார். அதை நாகஜோதியும் என்னிடம் கேட்டுப் பழக்கவில்லை. வருகிற நோன்புக்கு வந்துவிடுவாக என்று சொல்லிவிட்டேன். வந்துவிட்டால் வேலையை விட்டுவிடுவாயா என்று கேட்டார். "அவுக வந்தாலும் வருவேன்மா, எனக்கு இந்த வேலை வேணும்" என்றேன். அது என் குரலா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்.

மச்சான், அந்த அறையில் நிஜம்தானா என்று தெரியாமல் நான் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். நோன்புக்கு வருவீர்கள் என்று. உங்களுக்கு வேலை போயிருக்கலாம். பெட்டி நிறையக் கொண்டுவராமல் எப்படி ஊர் முகத்தில் விழிப்பது என்று அங்கேயே கிடக்கிறீர்களோ என்னவோ. இனி இந்த வீட்டுக்கு ஒரு சம்பளம் வரும். வீட்டைக் காலி செய்யப்போவதில்லை. நீங்கள் கையை வீசிக்கொண்டு வாருங்கள். யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஹுஸ்னா