குளவி யார்?

மார்ச் 4

அன்புள்ள சின்னு,

நன்றாக இருக்கிறேன். ஆறாம் மாதம், கால் மட்டும் வீங்குகிறது. பிரசவத்துக்கு வருகிறேன் என்று சொன்னவள், ஒரு வரி எழுதக்கூட நேரமில்லாமல் இருக்கிறாய்.

அந்த நேரமெல்லாம் எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும். ‘குளவி’யைப் பிடிக்கும் வேலையைப் போலீஸில் உன் அத்தானிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் நீ பத்திரிகையில் போட்ட கேலிச்சித்திரங்களை எல்லாம் வெட்டிச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருக்கிறார். நேற்று ஒன்றை எடுத்து, "மந்திரி உக்காந்திருக்கிற இந்த நாற்காலிய எங்கேயோ பாத்திருக்கேன்" என்றார். அது நம் வீட்டில் அப்பா உட்காரும், கைப்பிடி உடைந்த நாற்காலி. "நாற்காலின்னா எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்" என்று சொல்லிச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

போதுமடி. நிறுத்திவிடு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வீக்கத்தை டாக்டரிடம் காட்டு. அலட்சியமாக இருக்காதே.

நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் தெருமுனையில் முடிவெட்டும் கடையில் என் படத்தைக் கண்ணாடி ஓரமாக ஒட்டியிருக்கிறார்கள். "குளவி ஆறடி இருப்பான், மீசைய இப்படி முறுக்கி விட்டிருப்பான்" என்று கடைக்காரர் சொல்ல, சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் நுரையோடு சிரிக்கிறார். துறைமுகத்தில் சுட்டுக் கொன்றார்களே, அந்தத் தொழிலாளிகளைப் பற்றிப் பேச இங்கே யாருக்கும் வாய் வரவில்லை. சிரிக்க மட்டும் வருகிறது. அதையும் நான் எப்படிப் பறிப்பேன்?

வீரம் என்று நினைத்துவிடாதே. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மைப்புட்டியை மூடிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சின்னு

மார்ச் 19

சின்னு,

உன் பத்திரிகை ஆசிரியரைப் பிடித்துவிட்டார்கள். "நான்தான் குளவி" என்று அடித்துச் சொல்கிறாராம். அத்தான் காகிதத்தை நீட்டி, "ஒரு குதிரை வரைங்க, பாப்போம்" என்றிருக்கிறார். வந்தது ஆட்டோடும் சேரவில்லை, நாயோடும் சேரவில்லை. கான்ஸ்டபிள்கள் சிரித்தார்களாம். அத்தான் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னவர், "உன் தங்கச்சி இப்பவும் படம் வரையிறாளா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஸ்கூலோட சரி."

கை கழுவிவிட்டு வந்து, அந்த நாற்காலிப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

கிளம்பிவிடு. கப்பலோ ரயிலோ, எது கிடைக்கிறதோ அதில் ஏறு.

அக்கா

மார்ச் 22

அக்கா,

ஆசிரியருக்கு ஆஸ்துமா. உண்மையைச் சொல்லும்வரை மருந்து கிடையாது என்கிறார்களாம். நான் கப்பல் ஏறினால் அவர் மூச்சு நின்றுவிடும்.

நாளைக் காலைப் பத்திரிகையில், படத்துக்குக் கீழே என் சொந்தப் பெயர் இருக்கும். அச்சகத்தில் ஒத்துக்கொண்டார்கள். பிறகு நானே ஸ்டேஷனுக்குப் போகிறேன். அத்தான் கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாதென்று சொல். வயிற்றிலிருக்கும் பிள்ளையை நினைத்துச் சொல்.

பயமாக இருக்கிறது அக்கா. ரொம்ப.

சின்னு

மார்ச் 26

என் சின்னுவுக்கு,

ஆசிரியரை விட்டுவிட்டார்கள். வீட்டில் மருந்து சாப்பிட்டுத் தூங்குகிறாராம்.

அன்று காலை அத்தான் பத்திரிகையை என் முன்னால் வைத்தார். "உனக்குத் தெரியுமா?" என்றார். நீ சொல்லச் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. உன் பெயரைப் பார்த்தேன்.

"தெரியும். மொதல்லேர்ந்தே தெரியும்" என்றேன்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர், இன்னும் வீடு திரும்பவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறேன். அவர் வருகிறாரா, இல்லை என்னையும் கூட்டிப்போக வருகிறார்களா என்று தெரியவில்லை.

வழக்கு அத்தானுடையது என்பதால், சிறையில் உனக்கு வரும் கடிதத்தை அவர்தான் முதலில் பிரிப்பார். பிரிக்கட்டும். படித்துவிட்டு உன்னிடம் கொடுத்தாரென்றால், பதில் எழுது. கொடுக்காவிட்டால், உனக்கு நான் இருக்கிறேன் என்று அவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

உன் அக்கா