கொலுவில் நீ நிறுத்திய வேற்றுக்கிரகவாசி

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய அண்ணா,

செத்தவர்களைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டுமாம். உன் நினைவுக் கூட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். நான் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கை என்ற முறையில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் பேசவில்லை.

இப்போது எழுதுகிறேன், அதுவும் பத்திரிகைக்கு. நீ சொன்னதை நாலு பேர் முன்னால் சொன்னாய். பதிலையும் நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

படிக்கிறவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். என் அண்ணன் வையம்பட்டிக் கடலைக்காட்டில் பிறந்து, விலங்கியல் பேராசிரியராகி, ஸ்ரீரங்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறியவன். எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. அது அண்ணியோடு வந்தது. வந்த முதல் வருஷமே அதை இவன் பிடுங்கிக்கொண்டான்.

கொலுப்படிகளில் கீழே ஓரறிவு உயிர்கள், பிறகு பூச்சி, பறவை, மிருகம், மனுஷன், உச்சியில் தெய்வம் என்று வைப்பது வழக்கம்தான். நீ மனுஷனுக்கு மேலே, தெய்வத்துக்குக் கீழே, இன்னொரு படியைச் செருகினாய். அதில் ஒரே ஒரு பொம்மை. நீல உடம்பு, மொட்டைத் தலை, இரண்டு கண், இரண்டு கை, விறைப்பாக நிற்கும் இரண்டு கால். வேற்றுக்கிரகவாசியாம்! சொல்லிச் செய்த பொம்மை. செய்தவர் அதைப் பெருமாளின் ஏதோ ஒரு அவதாரம் என்று நினைத்து நெற்றியில் நாமம் போட்டு அனுப்பிவிட்டார். நீ துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அது முழுசாகப் போகவில்லை. கொலு பார்க்க வந்த மாமிகள் அதையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்கள்.

அப்போதே உனக்கு உறைத்திருக்க வேண்டும். யாரைச் செய்யச் சொன்னாலும் நாம் நம்மையேதான் செய்துகொள்கிறோம் என்று.

உனக்கு உறைக்கவில்லை. சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டு, யாரும் எழுந்து போக முடியாதபடி பாடம் நடத்துவாய். "சுறாவும் டால்பினும் ஒரே சாதியா? இல்ல. ஆனா உடம்பு ஒரே மாதிரி இருக்கு. ஏன்? தண்ணில வேகமாப் போகணும்னா அந்த உடம்புதான் வேணும். அதே மாதிரி புத்தி வளரணும்னா அதுக்கும் ஒரு உடம்பு இருக்குங்க. பிடிக்கக் கை, தூரம் பார்க்க முன்பக்கம் ரெண்டு கண்ணு, பேச வாய். எந்தக் கிரகமா இருந்தாலும் புத்தி கடைசில நம்மள மாதிரிதான் வந்து நிக்கும்."

நீ பேசினால் அழகாகத்தான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

நானும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள் இல்லை. தில்லைநகர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பதுதான் என் பிழைப்பு. மனுஷ உடம்பின் லட்சணம் எனக்குத் தெரியும். நிமிர்ந்து நின்ற பாவத்துக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும், முட்டி தேய்ந்து வருகிறவர்களுமாக எங்கள் வாசலில் கூட்டம் குறைந்ததே இல்லை. பிரபஞ்சம் முழுக்கத் தேடி இந்த உடம்பையா தேர்ந்தெடுக்கும்? யானைக்கு மூக்குதான் கை, புத்தி இல்லையா? ஆக்டோபஸுக்கு முதுகெலும்பே இல்லை, அது மூடியைத் திருகித் திறக்கிறதே? நீச்சலுக்கு ஒரே வடிவம் வரலாம். யோசிப்பது நீச்சலா? கேட்டேன் அல்லவா? நீ சிரித்தாய். "மல்லிகா, நீ படம் மட்டும் எடு, ரிப்போர்ட்டை நாங்க எழுதறோம்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாததற்கு வருகிறேன்.

என் மகள் கயல் பேச மாட்டாள். யாரையும் முகம் பார்க்க மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கையில் கிடைத்ததை நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக்கொள்வாள். டம்ளர், கதவு, ஜன்னல் கம்பி, எதையும் விட மாட்டாள். காந்தி மார்க்கெட்டில் தேங்காய்க் குவியலைப் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். இதையெல்லாம் உன்னிடம் நான் சொல்லும்போது, "தட்டறதெல்லாம் ஒரு பழக்கம்மா. மரங்கொத்தியும்தான் தட்டுது" என்றாய். தாய்மாமன் சொல்லும் பேச்சா அது?

நீ இருந்தபோது நான் கடைசியாக வந்த கொலுவன்று யாரோ ஒரு அம்மாள், பாவம், நல்ல கேள்விதான் கேட்டார். "சார், வேற கிரகத்துல இருக்கறது நம்மள மாதிரி பேசாம, மூஞ்சியப் பார்க்காம இருந்தா, அதுக்குப் புத்தி இருக்குன்னு எப்படித் தெரியும்?"

நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தூணோரம் உட்கார்ந்து சுண்டல் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்த என் பெண்ணைக் கை காட்டினாய். "அப்படி ஒண்ணு இருந்தா அது நம்ம கயல் மாதிரிங்க. உயிர் இருக்கு, பாசம் இருக்கு. ஆனா புத்தின்னு சொல்ல முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது நீ தப்பாகப் பேசிவிட்டாய் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் கயலின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். காவிரிப் பாலம் தாண்டும் வரை பஸ்ஸில் அழுதேன். அதற்குப் பிறகு உன் வீட்டுப் படி ஏறவில்லை. நீ எத்தனையோ முறை போன் செய்தாய். "கோபம் தணிஞ்சுதா?" என்று கேட்டாய். "நான் சொன்னது தப்பு" என்று ஒருமுறையாவது சொன்னாயா? அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஒவ்வொரு முறையும் போனை எடுத்தேன். பிறகு ஒருநாள் காலேஜில் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். தீர்ப்பைச் சொல்லிவிட்டு மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் போய்விட்டாய். பெரிய சாமர்த்தியம்தான்.

போன வருஷம் துக்கம், கொலு இல்லை. இந்த நவராத்திரிக்கு அண்ணி போன் செய்தாள். "மல்லிகா, தனியா என்னால முடியல. கயலையும் கூட்டிக்கிட்டு வந்து பொம்மைய எடுத்து வச்சுக் குடும்மா. உங்க அண்ணனுக்காக இல்ல, எனக்காக வா" என்றாள். அண்ணிக்காகப் போனேன்.

உன் படத்தைக் கொலுவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்திருக்கிறாள். மரச்சட்டம், கண்ணாடி, மல்லிகைச் சரம். நீ அதே சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்க்கவில்லை.

உன் திட்டப்படியே எல்லாவற்றையும் அடுக்கினோம். நீலப் பொம்மையைக்கூட அதன் படியில் நிறுத்தினேன். பிறகு நானும் அண்ணியும் சமையலறைக்குச் சுண்டல் வேக வைக்கப் போனோம். திரும்பி வந்தால் கயல் கலசத்தைத் தவிர அத்தனையையும் கீழே இறக்கி வைத்திருக்கிறாள். ஒன்றைக்கூட உடைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு மறுபடி மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். சில பொம்மைகளை மட்டும் சுவரோரம் ஒதுக்கினாள்.

"ஐயோ கயலு, சாமி பொம்மைம்மா, விட்டுடு" என்று அண்ணி ஓடினாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். அண்ணி பாட்டுக் கற்றவள். அவள் காதில் என்னவோ விழுந்திருக்கிறது. கையை உயர்த்தி என்னையும் நிற்கச் சொன்னாள்.

"மல்லிகா, இது ஏறுது. கேளு, சத்தம் ஏறிக்கிட்டே போகுது."

கயல் முடித்துவிட்டு நகர்ந்த பிறகு அண்ணி ஒரு ஸ்பூனை எடுத்து, அடிப்படியிலிருந்து ஒவ்வொரு பொம்மையாக மெதுவாகத் தட்டிக்கொண்டே போனாள். பெரிய பூசணிக்காய் அடிவயிற்றிலிருந்து முனகியது. அடுத்து தாடி வைத்த ரிஷி, அதற்குக் கொஞ்சம் மேலே பசுமாடு. தசாவதாரம் பத்துத் திசைக்குப் பிரிந்து கிடந்தது. உச்சிப்படியில் கலசத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கிளி கணீரென்றது. இடையில் ஒரு சத்தம்கூட இறங்கவில்லை. சுவரோரம் ஒதுக்கியவற்றை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் மயிரிழை விரிசல். நாங்கள் கண்ணால் பார்த்து அடுக்கியபோது தெரியவே இல்லை.

அண்ணா, உனக்குப் புரிகிறதா? அதே பொம்மைகள்தான். நீ அவற்றில் முகத்தைப் பார்த்தாய். கண்ணை எண்ணினாய், கையை எண்ணினாய், எண்ணிப் படி கொடுத்தாய். என் பெண்ணின் புத்திக்கு முகம் ஒரு பொருட்டே இல்லை. அவள் எங்களுக்குக் கேட்காத ஒன்றைக் கேட்டு, நாங்கள் நினைத்தே பார்க்காத ஒரு வரிசையைப் போட்டுவிட்டாள். வேற்றுக்கிரகத்திலிருந்து யாராவது வந்தால் இப்படித்தான் வருவார்கள். நாம் காட்டும் எதையும் பார்க்க மாட்டார்கள். நாமும் அவர்களை மரங்கொத்தி என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

உன் நீலப் பொம்மை எங்கே என்று கேட்கிறாயா? வாழைத்தாருக்கும் போலீஸ்காரருக்கும் நடுவில். சாதாரணச் சத்தம்தான் அதற்கு.

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். உன் படத்தைப் பார்த்துச் சிரித்தேன். அந்த நேரம் நீ உயிரோடு அங்கே நின்றிருக்க வேண்டும் என்று அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உன் வாய் அடைத்துப்போவதை நான் பார்த்திருக்க வேண்டும் அண்ணா. அதைக்கூட எனக்குக் கொடுக்காமல் போய்விட்டாயே.

அப்போது கயல் எழுந்து ஸ்டூலிடம் போனாள். உன் படத்தின் சட்டத்தைத் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். இன்னொரு முறை தட்டிக் கேட்டாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வந்து, அடிப்படியில் பூசணிக்காயைக் கொஞ்சம் நகர்த்தி, வரிசையில் அதற்கும் முன்னால் வைத்தாள். பூசணிக்காயைவிடத் தாழ்ந்த சத்தம் உனக்கு.

இறந்தவர் படத்தைக் கொலுவில் வைப்பார்களா? அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எடுக்கப் போனேன். அபசகுனம் என்பதற்காக இல்லை. அவள் கையால் உனக்கு ஓர் இடம் கிடைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குத்தான் எடுக்கப் போனேன்.

கயல் என் கையைப் பிடித்துத் தள்ளினாள். படத்தை நேராக்கினாள். அவளுக்கு நீ யார், என்ன சொன்னாய் என்பதெல்லாம் தெரியுமா தெரியாதா, எனக்குத் தெரியாது. தட்டிப் பார்த்தாள், விரிசல் இல்லை, அதனால் சுவரோரம் ஒதுக்கவில்லை. அவ்வளவுதான்.

"இருக்கட்டும் மல்லிகா" என்றாள் அண்ணி. "வர்றவங்க கேட்டா நான் சொல்லிக்கறேன்."

கேட்டார்கள். கேட்டவர்கள் கையிலெல்லாம் அண்ணி ஸ்பூனைக் கொடுத்தாள். அன்று உன் பேச்சுக்குத் தலையாட்டிய அதே மாமிகள் படி படியாகத் தட்டிக் கேட்டார்கள். உன்னையும் தட்டினார்கள்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாக யாராவது வந்து சொன்னால் நம்பாதே. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த நவராத்திரிக்கும் கயலைக் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டி வருவேன். அவள் உன்னை எந்தப் படியில் வைக்கிறாளோ அங்கேயே நீ இருப்பாய். நான் கை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கையும், கயலைப் பெற்றவளுமான
மல்லிகா