மாப்பிள்ளை பெயரை மாற்றிப் போட்டால்

அலெக்ஸாண்ட்ரியா

அன்பு மகள் நெர்மீனுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் ஜெர்மனியில், பிரேமன் நகரில் நலமாயிருக்க அல்லாஹ் அருளட்டும். நாங்களும் இருக்கிறோம். நீ செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இங்கே வந்திருந்த சமயம், நான் தந்தா ஊருக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தபோது, என்னைக் கேட்காமல் நம் அச்சகத்துப் பழைய கணினியைப் பழைய சாமான் வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதியதை ரிப்பன் கட்டி வைத்தாய். கல்யாணப் பத்திரிகை அடிக்க உன் அண்ணன் ஹைதம் எனக்கு எழுதித் தந்த நிரல் அந்தப் பழையதில்தான் இருந்தது. அவன் மர்சா மத்ரூஹ் சாலை விபத்தில் இறந்தபின் இந்த வீட்டில் அவன் குரல் மிஞ்சியிருந்தது அதற்குள் மட்டும்தான். நான் தப்புச் செய்தால் அவன் குரலிலேயே திட்டும்: "பாபா, மறுபடியும் மாப்பிள்ளை பேரைப் பொண்ணு எடத்துல போட்டுட்டீங்க! காஜி யாரைப் பாத்து சம்மதமான்னு கேப்பாரு?"

நிரலின் நிறுவல் கோப்பு என் பென்டிரைவில் இருந்தது. புதியதில் போட்டால், இந்தக் கணினிக்கு உரியதல்ல என்று தள்ளிவிட்டது. உன் சித்தி மகன் தாமர் வந்தான், உன் அம்மா பொரித்த மீனையெல்லாம் தின்றான், பிறகு சொன்னான், "புராசஸரே வேற வகை பெரியப்பா. பழைய நிரல் பேசுறது இதுக்குப் புரியாது. விட்டுத் தள்ளுங்க, இன்டர்நெட்லயே பத்திரிகை பண்ணிக்கலாம்." கையைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னேன். நானே படித்துப் பார்த்து, பழைய நிரலைப் புதிய புராசஸருக்கு மொழிபெயர்க்கும் பகுதியை நிறுவினேன். நிரல் திறந்தது, ஆனால் ஊமையாக இருந்தது. ஒலிக்கான துணை நிரலை நான் புதிய வகையில் இறக்கியிருந்தேன், பழைய நிரலோடு அது ஒட்டவில்லை. எல்லாவற்றையும் அழித்து, கட்டளைச் சாளரத்தையே பழைய வகையில் திறந்து, முதலிலிருந்து நிறுவினேன். மாப்பிள்ளை பெயரை மாற்றிப் போட்டேன். திட்டினான்.

உன் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அழவில்லை. "இன்னொண்ணு தப்பாப் போடுங்க" என்றாள். தேதியை மாற்றினேன். "பாபா, அன்னைக்கு ஷாம் எல்-நசீம் பண்டிகை! ஊரே உப்பு மீன் நாத்தத்துல கெடக்கும், கல்யாணத்துக்கு எவன் வருவான்?" இதை நாங்கள் கேட்டதே இல்லை, அந்தத் தப்பை நான் செய்ததே இல்லை. நான் செய்யாத தப்புகளுக்கும் பதில் வைத்துக்கொண்டு உள்ளே காத்திருந்திருக்கிறான். மண்டபத்தின் பெயரை விட்டபோது வந்த திட்டுக்குப் பின்னால் உன் அம்மாவின் குரலும் கேட்கிறது, சாப்பிடக் கூப்பிடுகிறாள். "வரேம்மா" என்கிறான், அதோடு அறுந்துவிடுகிறது. அன்றிலிருந்து அவள் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாள்.

கணினி இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் அந்த மொழிபெயர்க்கும் பகுதி இருக்காதாம். நீயோ புதுப்பியுங்கள், புதுப்பியுங்கள் என்று செய்தி அனுப்புகிறாய். குரல்களை மட்டும் பிரித்தெடுத்துப் போனில் போட்டுத் தருகிறேன் என்கிறான் தாமர். வேண்டாம். என் தப்பைப் பார்த்துத் திட்டினால்தான் அது ஹைதம். போனில் கேட்டால் வெறும் பதிவு.

குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. இறைவன் உன்னைக் காப்பான். இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். ஹைதம் சோதித்துப் பார்க்கச் சொல்லி உனக்கு அனுப்பிய மூல நிரல், அவன் எழுதிய வரிகள் அப்படியே, உன் பழைய மடிக்கணினியில் இருக்கிறது. தேடுகிறேன் என்று பெருநாளில் சொன்னாய், இன்னும் தேடவில்லை. நீ அதைத் தேடி அனுப்ப வேண்டும், அதுவரை புதுப்பிக்கச் சொல்லி எழுதக்கூடாது. தாமர் அதைப் புதிய புராசஸருக்காக மறுபடி தொகுத்துத் தர வேண்டும், ஒரு திட்டைக்கூட நீக்கக்கூடாது. உன் அம்மா அந்தத் தட்டை மூடியாவது வைக்க வேண்டும். நான் இந்தக் கணினியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரிகையில் தகப்பன் பெயரைக் காலியாக விடும் தப்பை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. அதை நீ வந்து செய்து, அவன் திட்டுவதைக் கேட்க வேண்டும்.

உன் தகப்பன்,
ஷௌகி