பின்விளக்குக் கண்ணாடி

வியாழன், இரவு.

சங்ககிரிக்குப் போயிருக்கவே கூடாது. பாகம் பிரித்ததிலிருந்து அண்ணன் வாசலை நான் மிதித்ததில்லை. ஆனால் கல்யாணத்தன்று தாத்தாவின் பழைய ஃபியட்டில்தான் மண்டபத்துக்கு வருவேன் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். லாரி இடித்து அதன் பின்விளக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. மாற்றுக் கண்ணாடி சேலத்திலும் இல்லை, கோயமுத்தூரிலும் இல்லை. அண்ணனிடம் இருந்தது. எனக்குப் போட்டியாக அதே மாதிரி ஒரு வண்டியை வாங்கி, ஓட்டாமல், கோழி அடைய விட்டிருக்கிறார்.

கேட்டதும் மறுக்கவில்லை. அவரே திருகாணியைக் கழற்றினார். கோழி எச்சத்தை வேட்டி நுனியால் துடைத்தார். சிவப்புக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கை நீட்டினேன்.

"இரு சாமி. கல்யாண ஊட்டுக்குப் போற பொருளு. திருஷ்டி கழிச்சுத்தான் குடுக்கோணும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் மனசு மாறிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணாடியால் என் தலையை மூன்று முறை சுற்றினார். பிறகு திருஷ்டிப் பூசணியை உடைப்பதுபோல ஓங்கிக் கல்லில் அடித்தார்.

"இனி ஒரு கண்ணும் படாது. போயிட்டு வா, சாமி."

அவர் கை எட்டட்டும் என்று நான் குனிந்து வேறு நின்றேன்.